சுளுக்காத கால்

ஒக்டோபர் மாதத்தில் காலை எட்டு மணிக்கு லண்டன் இல்ஃபோர்ட்டில் எங்கள் பூங்காவுக்கென்று ஒரு மணம் உண்டு. இரவு மழையில் ஊறிய இலைகளும் மிதிபட்ட புல்லும் சேறும், எங்கோ ஒரு வீட்டுப் பின்வளவில் சருகு கொளுத்திய புகையும் ஒன்றாகச் சேர்ந்து, மூக்கு நுனி குளிரில் மரத்துப்போன பிறகும் உள்ளே போய் நெஞ்சை நிறைக்கிற மணம் அது. பத்து வயதில் அந்த மணத்துக்குள் நான் ஓடியிருக்கிறேன். இன்றைக்கும் அது மூக்கில் பட்டால் முதலில் கால்கள் பரபரக்கின்றன; கொஞ்ச நேரத்தில் கோபம் வந்துவிடுகிறது. வயது போகப் போகக் கோபம் தணியும் என்று சொல்கிறவர்கள் யாருடைய கோபத்தைச் சொல்கிறார்களோ தெரியாது, என்னுடையது தணியவில்லை.

எங்கள் வீட்டில் அதை வெறும் "சோதனை" என்றுதான் சொல்வார்கள். ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்புப் பிள்ளைகள் கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் எடுக்கிற கிராமர் பள்ளிக்கூடத்தில் இடம் பிடிப்பதற்காக எழுதுகிற நுழைவுச் சோதனை. வேறு எந்தச் சோதனையைப் பற்றிப் பேசினாலும் பெயர் சொல்ல வேண்டும், இதற்குப் பெயரே தேவையில்லை. எட்டு வயதிலிருந்து எனக்குச் சனிக்கிழமை கணிதம், ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலம், செவ்வாயும் வியாழனும் நாலு தெரு தள்ளி ஓர் அங்கிளின் வரவேற்பறையில் "ரியூசன்". அந்த அறையின் யன்னல் ஊடாகத்தான் இரண்டு இலையுதிர் காலங்களை நான் பார்த்தேன். வெளியே மரங்கள் மஞ்சளாகி, சிவப்பாகி, மொட்டையாகும். உள்ளே நாங்கள் பன்னிரண்டு பேர் குனிந்தபடி, இரண்டு ரயில்கள் எந்த இடத்தில் சந்திக்கும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருப்போம்.

செப்டெம்பர் மாத நடுவில் சோதனை முடிந்தது. அன்று பின்னேரம் அம்மா என் பயிற்சிப் புத்தகங்களை எல்லாம் ஒரு கறுப்புப் பையில் போட்டு முடிச்சுப் போட்டார். அப்பா பெற்றோல் நிலையத்தில் காலை "ஷிப்ட்" முடித்து வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் சாய்ந்து, என்னைப் பார்த்து, "இனிக் கடிதம் வரும் வரைக்கும் உன்ர பாடு. என்னெண்டாலும் செய்" என்றார். என் வாழ்க்கையில் அப்பா எனக்குத் தந்த பரிசுகளிலேயே பெரியது அதுதான். அதை அவரே பிடுங்கிக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை.

எங்கள் வகுப்பு ரீச்சர் ஓர் அயர்லாந்துப் பெண். விருப்பமான பிள்ளைகளைப் பள்ளி தொடங்குவதற்கு முன் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஓடவிடுவார். நான் முதல்நாள் போனது, வீட்டுக்கு வெளியே இருக்கலாம் என்ற ஒரே ஆசையில்தான். இரும்புக் கதவடியில் தொடங்கி, குளத்தைச் சுற்றி, மரங்களின் வரிசையோடு போய், டெனிஸ் விளையாடும் இடத்துக்குப் பின்னாலிருக்கும் மேட்டில் ஏறி, மறுபடியும் கதவடிக்கு வர வேண்டும். குளத்தடி வரைக்கும் எல்லாரும் என்னைக் கடந்து போனார்கள். மேட்டில் ஒவ்வொருத்தராக மூச்சு வாங்கி நின்றார்கள், நான் நிற்கவில்லை. அது எனக்கே புதினமாக இருந்தது. இரண்டு வருடம் கதிரையில் இருத்தி வைத்த உடம்புக்குள் இப்படி ஒன்று இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் ஓடினேன். காய்ந்த இலை காலடியில் நொறுங்குவது ஒரு சத்தம், நனைந்த இலை வழுக்குவது வேறு சத்தம். கண்ணை மூடிக்கொண்டே எந்த மரத்தடியில் ஓடுகிறேன் என்று என்னால் சொல்ல முடியும். முள்ளுத்தோல் வெடித்துக் கிடக்கும் "கொங்கர்" கொட்டைகளைப் பையன்கள் குனிந்து பொறுக்கும் நேரத்தில் நான் அவர்களைத் தாண்டிப் போவேன். குளத்து வாத்துகள் பாதையை மறித்துக்கொண்டு நிற்கும், விலகவே விலகா, நாங்கள்தான் விலக வேண்டும். வாயிலிருந்து புகை போல மூச்சு வரும். மேட்டின் உச்சியில் ஏறும்போது சூரியன் வீட்டுக் கூரைகளுக்கு மேலே வந்து, நனைந்த புல்வெளி முழுவதும் ஒருதரம் மினுங்கும். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரும், ஏன் என்று தெரியாது. தனியாக ஓடிக்கொண்டு சிரிக்கிற ஒரு பத்து வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளையைத்தான் பிறகு கட்டிப் போட்டார்கள்.

அம்மாவுக்குப் "பனி" என்றால் பயம். யாழ்ப்பாணத்து மார்கழிப் பனியையே நம்பாதவர், லண்டன் குளிரை நம்புவாரா? "பனிக்குள்ள ஓடாதை பிள்ளை, காதடைச்சுப் போடும், நெஞ்சில சளி கட்டும்" என்று சொல்லிக்கொண்டே ஒரு கம்பளிச் சால்வையைத் தலையைச் சுற்றிக் கட்டிவிடுவார். தெருமுனை திரும்பியதும் அதைக் கழற்றிப் புத்தகப் பைக்குள் திணித்துவிடுவேன். ஒருநாள் அப்பா இரவு வேலை முடிந்து வரும்போது பூங்காவின் கம்பி வேலியோடு காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து, இரண்டு தரம் ஹோர்ன் அடித்தார். பின்னேரம் அம்மாவிடம், "பெட்டை என்ன ஓட்டம் ஓடுறாள் எண்டு நீர் பாக்கவேணும்" என்று சொல்லிச் சிரித்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் ஓட்டத்தைப் பார்த்துச் சந்தோசப்பட அவருக்குத் தெரியாமல் இருக்கவில்லை. தெரிந்திருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

ஒக்டோபரில் ரீச்சர் நாலு பெண்களைத் தெரிந்தெடுத்தார். சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் சேர்ந்து நடத்துகிற ஓட்டம், அரைத்தவணை விடுமுறை முடிந்த முதல் வெள்ளிக்கிழமை, எங்கள் பூங்காவிலேயே. நாலு பேரில் நான் ஒருத்தி மட்டுமல்ல, முதல் பெயரே என்னுடையது. மேட்டை இரண்டு தரம் ஏற வேண்டும் என்று ரீச்சர் சொன்னபோது மற்ற மூன்று பேரும் முனகினார்கள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. நான் ஏதோ ஒன்றில் முதலாவதாக வரக்கூடும் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை, நானும் நினைத்ததில்லை.

கடிதம் விடுமுறைக்கு முந்தைய கடைசிப் பள்ளி நாளில் வந்தது. பள்ளி விட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா சமையலறை மேசையில் அதை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு இடம் கிடைக்கவில்லை. கொஞ்சப் புள்ளிகள்தான் குறைவு. அப்பா என்னை ஏசவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

அந்தக் கிழமையில் லண்டனில் உள்ள எங்கள் சொந்தக்காரர் வீடுகள் எல்லாவற்றிலும் தொலைபேசி ஒரே கேள்வியோடுதான் அடிக்கும். "என்னவாம்?" என்பார்கள். என்ன என்று விளக்கத் தேவையில்லை. எங்கள் வீட்டுக்கு முதலில் எடுத்தவர் நோர்பரியில் இருக்கும் மாமா, அம்மாவின் அண்ணை. அவருடைய மகனுக்கு முந்தைய வருடம் கிராமரில் இடம் கிடைத்திருந்தது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு தொலைபேசியைக் காதில் வைத்தார். நான் மாடிப்படியில் நின்றேன்.

"அதையேன் கேக்கிறியள் மச்சான்" என்றார் அப்பா. "சோதனைக்கு ரண்டு நாளைக்கு முன்னம் பார்க்கில ஓடி விழுந்து, கால் சுளுக்கிப் போச்சுது. இரவிரவா நித்திரை இல்லை. நோவோடதான் போய் எழுதினவள். இல்லாட்டிக் கிடைச்சிருக்கும்."

நான் குனிந்து என் கால்களைப் பார்த்தேன். இரண்டும் சுகமாக, நேராக நின்றன. சோதனைக்கு முன் நான் பூங்காவுக்குப் போனதே இல்லை. ஓடத் தொடங்கியதே சோதனை முடிந்த பிறகுதான். அப்பா தொலைபேசியை வைத்ததும், "நான் விழவே இல்லையே அப்பா" என்றேன்.

"நீ சும்மா இரு" என்றார். "ஆக்கள் என்ன சொல்லுவினம் எண்டு உனக்குத் தெரியுமே?"

அந்தப் பொய்யைச் சொல்ல அப்பாவுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதைக் காப்பாற்றுகிற வேலை எனக்கு வந்தது. அடுத்தடுத்து எடுத்தவர்களுக்கும் அப்பா அதையே சொன்னார். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. யாரோ ஒருவர், போன கிழமைகூடப் பிள்ளை பூங்காவில் ஓடுவதைப் பார்த்தேனே என்று கேட்டிருக்க வேண்டும். அதற்கும் அப்பாவிடம் பதில் இருந்தது. "அதுதான் பாருங்கோ, அந்தக் காலோடை ஓடித்தான் இப்ப கூடிப் போச்சுது" என்றார். பொய்யில் இருந்த ஓட்டையை இன்னொரு பொய்யால் அடைத்துவிட்டு, அந்த இரண்டாவது பொய்யை என் காலில் கட்டினார். அம்மா "பண்டேஜ்" சுருளைக் கொண்டுவந்து, என் வலது கணுக்காலைச் சுற்றிக் கட்டினார். இறுக்கிக் கட்டினார். சுளுக்காத காலுக்கு அது வலித்தது.

விடுமுறையில் வந்த வெள்ளிக்கிழமை வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போனோம். காருக்குள்ளேயே அம்மா எனக்குச் சொல்லித் தந்தார்: "கெந்திக் கெந்தி நட, கெதியா நடவாதை." உள்ளே பாதி இல்ஃபோர்ட் இருந்தது, மீதி நோர்பரி. மாமாவும் மாமியும் வந்திருந்தார்கள். "ஐயோ பாவம்", "பிள்ளை எப்பிடிப் படிச்சது", "கண்ணூறுதான்" என்று என் தலையைத் தடவினார்கள். நான் நொண்டி போலக் கெந்திக்கொண்டே கோயில் உள்வீதியைச் சுற்றினேன். இரண்டாம் சுற்றில் எந்தக் கால் என்பது மறந்துபோய்விட்டது. அம்மா பின்னாலிருந்து, கும்பிட்ட கையை இறக்காமல், "மற்றக் கால், மற்றக் கால்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். சாமியைச் சுற்றிக்கொண்டே நான் காலை மாற்றினேன். இதை இப்போது யாருக்காவது சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிப்புக்கான விசயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கெந்தியது நான்.

எனக்கு விளங்காமல் இருந்ததும் பிறகு விளங்கியதும் ஒன்று உண்டு. அவர்கள் என் ஓட்டத்தை மட்டும் எடுக்கவில்லை, என் தோல்வியையும் எடுத்துக்கொண்டார்கள். நான் முயன்று எழுதினேன், எனக்குக் கிடைக்கவில்லை. அது என்னுடையது. அதை வைத்துக்கொண்டு நான் அழுதிருப்பேன், இரண்டு நாளில் எழும்பியிருப்பேன். ஆனால் என் வீட்டில் நான் தோற்கவே இல்லை, என் கால்தான் தோற்றது. தோற்றதை வாயால் சொல்ல முடியாத அளவுக்கு அது பெரிய கேவலம் என்பதை ஒருத்தரும் எனக்குச் சொல்லாமலே சொல்லித் தந்தார்கள்.

விடுமுறை முடிந்து பள்ளி தொடங்கியது. ஓட்டத்துக்குப் பெற்றோர் கையெழுத்து வைக்கிற துண்டு என் பையில் கிடந்து கசங்கியது. அப்பாவிடம் நீட்டியபோது, "என்ன விசர்க் கதை கதைக்கிறாய்?" என்றார். "கால் ஏலாத பிள்ளை எப்பிடி ஓடுறது? எங்கட ஆக்கள் எத்தினை பேரின்ரை பிள்ளையள் அந்தப் பள்ளிக்கூடத்தில படிக்குது. பாத்தால் என்னை என்னெண்டு நினைப்பினம்?" நான் அழுதேன். அடுத்த வருடம் ஓடலாம் என்றார் அம்மா. அடுத்த வருடம் நான் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே இருக்க மாட்டேன் என்பது அவருக்கும் தெரியும்.

அடுத்த நாள் காலை அப்பாவே என்னோடு வந்து, பள்ளி வாசலில் வைத்து ரீச்சரிடம் என் கால் சரியில்லை என்று சொன்னார். விடுமுறைக்கு முதல்நாள் வரைக்கும் மேட்டில் என்னை ஓடவிட்டுப் பார்த்த பெண் அவர். அப்பாவைப் பார்த்தார், பிறகு என் பண்டேஜைப் பார்த்தார், பிறகு குனிந்து என் முகத்துக்கு நேரே வந்து, உனக்கு உண்மையாகவே வலிக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் தோளில் அப்பாவின் கை இருந்தது. இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு சொல்தான் தேவைப்பட்டது. நான் "யெஸ்" என்றேன். அப்பா சொன்ன பொய்களை நான் ஒருவேளை மன்னித்திருப்பேன். என் வாயால் சொல்லவைத்த அந்த ஒன்றை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. வானம் வெளித்து, குளிர் கடித்து, ஓடுவதற்கென்றே செய்த நாள் போல இருந்தது. என்னை வீட்டில் விட்டிருக்கலாம், விடவில்லை. வகுப்போடு கூட்டிக்கொண்டு போய்க் கோட்டுகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். இரும்புக் கதவடியில் புல்லின்மேல் குவித்து வைத்த கோட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றேன். எங்கள் வகுப்புத் தமிழ்ப் பிள்ளை ஒருத்தியின் தாய் தோடம்பழம் வெட்டிக் கொடுக்க வந்திருந்தார், எனக்கும் ஒரு துண்டு தந்து, "கால் எப்பிடியம்மா?" என்றார். விசில் ஊதினார்கள். பிள்ளைகள் குளத்தடிக்கு ஓடி, மரங்களுக்குள் மறைந்து, மேட்டில் சின்னச் சின்ன நிறங்களாகத் தெரிந்தார்கள். முன்னுக்குப் போன பிள்ளை மேட்டின் பாதியில் நடக்கத் தொடங்கினாள். நடந்தாள்! நான் அந்த இடத்தில் ஒருநாளும் நடந்ததில்லை. நின்ற இடத்திலேயே என் கால் நிலத்தை உதைத்தது. பண்டேஜுக்குள் இருந்த கால்தான். யாரும் பார்க்கிறார்களா என்று உடனே திரும்பிப் பார்த்தேன். பத்து வயதில் என் சொந்தக் காலை ஒளித்துவைக்கப் பழகியிருந்தேன்.

குளிர் கூடிய பிறகு பண்டேஜைக் கழற்றினார்கள். அதற்குள் காலை இருட்டாகிவிட்டது, இலைகள் எல்லாம் அழுகிப் போயிருந்தன, ரீச்சர் ஓடவிடுவதை நிறுத்திவிட்டார். பிறகு போன பெரிய பள்ளிக்கூடத்தில் சீமெந்து முற்றம் மட்டும்தான். வீட்டிலும் "அவளுக்கு ஓட ஏலாது, பழைய காயம்" என்பது எழுதாத சட்டம்போல ஆகிவிட்டது. கலியாணம் பேசும்போதுகூட அம்மா அதைச் சொல்லத் தேவையா இல்லையா என்று யோசித்தார். எந்தக் கிராமர் பள்ளிக்கூடத்துக்கும் போகாமல் நான் படித்து, இன்று ஒரு மருந்துக் கடையில் மருந்தாளராக இருக்கிறேன். சுளுக்கு என்று வருகிறவர்களுக்குப் பண்டேஜை எப்படிக் கட்டுவது என்று நானே காட்டிக் கொடுக்கிறேன். முப்பது வயது தாண்டித்தான் மறுபடி ஓடத் தொடங்கினேன். ஓடுகிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வேறு உடம்பு, வேறு ஓட்டம்.

அம்மா காலமான பிறகு அப்பா எங்களோடுதான் இருக்கிறார். இந்த ஒக்டோபரில் என் மகளுக்குச் சோதனை "மறுமொழி" வந்தது. இப்போது கடிதம் இல்லை, மின்னஞ்சல்தான். அவளுக்கும் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் அழுதாள், முகத்தைக் கழுவினாள், சப்பாத்தைப் போட்டுக்கொண்டு தோழியோடு பூங்காவுக்குப் போய்விட்டாள். அவள் போய் அரை மணித்தியாலம் ஆகவில்லை, அப்பாவின் கைத்தொலைபேசி அடித்தது. நோர்பரி மாமா. அப்பாவுக்குக் காது மந்தம் என்பதால் எப்போதும் சத்தமாகத்தான் வைப்பார்.

"என்னவாம்?" என்றார் மாமா.

"அதையேன் கேக்கிறியள் மச்சான்" என்றார் அப்பா. அதே சொற்கள், அதே தொண்டைச் செருமல். "அண்டைக்கெண்டு பாத்துப் பிள்ளைக்குச் சரியான காய்ச்சல்..."

சமையலறையில் இருந்து நான் எப்படி வந்தேன் என்று தெரியாது. தொலைபேசியை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். "மாமா, அவளுக்குக் காய்ச்சலும் இல்லை, ஒண்டும் இல்லை. சுகமாப் போய் எழுதினவள், கிடைக்கேல்லை. எனக்கும் அண்டைக்குக் கால் சுளுக்கேல்லை. நானும் சுகமாப் போய் எழுதித்தான் தோத்தனான்" என்றேன். இத்தனை வருடமாகச் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்டேன், இனி எல்லாம் இடிந்து விழும் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

மாமா சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, வயதான மனிதரின் இளகிய சிரிப்பு. "அது எங்களுக்கு அண்டைக்கே தெரியும் பிள்ளை" என்றார். "காலாலையோ சோதனை எழுதுறது? கோயில்ல நீ ரண்டு காலாலையும் மாறி மாறிக் கெந்தினதைப் பாத்திட்டு மாமி வீட்டை வந்து விழுந்து விழுந்து சிரிச்சவ. உன்ர அப்பாவின்ரை மனம் நோகக்கூடாதெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. அவ்வளவுதான்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் நிலத்து விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவைக்குத் தெரியும் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றார் அப்பா.

அந்த ஆரம்பப் பள்ளியில் இப்போது ஓட்டத்துக்குப் பிள்ளைகளை அனுப்புவதில்லை என்று மகளின் தோழிகள் சொல்கிறார்கள். ரீச்சர் எங்கே என்று தெரியாது. கோயிலில் என் தலையைத் தடவியவர்களில் பாதிப் பேர் இன்று உயிரோடு இல்லை. இருபத்தைந்து வருடமாக ஓர் ஆள்மேல் வைத்திருந்த கோபத்தை இனி எத்தனை பேருக்குப் பங்கு போட்டுக் கொடுப்பது என்று எனக்கு விளங்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சொன்னவருக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும், அம்மன் வீதியில் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றவர்களுக்கும் தெரியும். ஒருவர் மனம் நோகாமல் இருக்க அத்தனை பெரியவர்களும் சேர்ந்து அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டார்கள். ஆனால் அவர்களில் ஒருவராவது என் பக்கத்தில் வந்து குனிந்து, அந்தப் பண்டேஜைக் கழற்றி எறிந்துவிட்டுப் போய் ஓடு பிள்ளை என்று சொல்லவில்லை.